நாற்பது நாள் கழியட்டும்

பென்னலூரில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் டாக்டரைத் தேட மாட்டார்கள், லூர்தம்மாளைத் தேடுவார்கள். அரசு ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும், எந்த மாடியில் ரத்தம் எடுக்கிறார்கள், எந்த நர்சம்மா சிடுசிடுத்தாலும் காரியத்தை முடித்துக் கொடுப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. வாரத்தில் ஆறு நாள் தரை துடைப்பாள், ஏழாவது நாள் யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். 'ஆஸ்பத்திரி லூர்து' என்று ஊரில் பட்டப்பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்தப் பெருமையில்தான் சனி வந்து உட்கார்ந்தது.

கல்யாணமாகி நாலே வருஷத்தில் புருஷனை பெங்களூர் ரோட்டில் ஒரு லாரிக்குப் பறிகொடுத்தவள். பிள்ளை கிடையாது. தம்பி யேசுராஜைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். அவன் படித்துக் கிழித்தது கொஞ்சம்தான் என்றாலும் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொண்டு கம்பெனி பஸ் ஓட்டுகிறான். ஒரகடத்தில் வயரிங் லைனில் வேலை பார்த்த கிரேசியைப் பார்த்துப் பேசி அவனுக்குக் கட்டிவைத்தவளும் லூர்தம்மாள்தான். கிரேசி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு இவள் தெருவுக்கே சாக்லெட் கொடுத்தாள்.

ஏழாம் மாசம், ஷிப்டு நடுவிலேயே கிரேசிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ. ஒரு கைக்குள் அடங்கிவிடும். கண்ணாடிப் பெட்டியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தது. லூர்தம்மாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியே கதியென்று இருந்தாள். கிரேசிக்குக் கஞ்சி, குழந்தைக்குத் துணி, டாக்டர் எழுதிய மருந்து எல்லாவற்றுக்கும் அவள்தான் ஓடினாள். எந்தப் படிவத்திலும் தன்னுடைய போன் நம்பரைத்தான் எழுதச் சொன்னாள். இருபத்துநாலாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். குழந்தை மூக்கும் முழியுமாகத்தான் இருந்தது. ஜெர்சி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

கிளம்பும்போது நர்சம்மா ஒரு அட்டையை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ். ஓரத்தில் மட்டும் ஒரு தேதியைச் சிவப்பு மையால் சுழித்திருந்தார்.

"குழந்தைக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணணும்மா. குறை மாசத்துல பொறந்ததுங்களுக்குக் கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் முழுசா வளர்ந்திருக்காது. சிலதுக்கு அது தப்பா வளர்ந்துடும். வெளியிலேர்ந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது. வர்ற செவ்வாய்க்கிழமை கண் டாக்டர் வர்றாரு, அன்னிக்கு இருபத்தொன்பதாம் நாள். தள்ளிப் போடக் கூடாது. அம்மாகிட்டயும் சொல்லணும், அவங்களக் கூப்பிடுங்க."

"அதுக்கு இன்னாம்மா தெரியும், பச்ச ஒடம்புக்காரி. எங்கிட்ட சொல்ட்டீங்க இல்ல, நான் பாத்துக்கிறேன்" என்றாள் லூர்தம்மாள்.

பார்த்துக்கொள்ளத்தான் நினைத்தாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிறந்த குழந்தை நாற்பதாம் நாள் கோயிலுக்குப் போய், சாமியார் நெற்றியில் சிலுவை வரைந்த பிறகுதான் வேறு வாசல் மிதிக்கும். அதுவரை தெருக்காற்றுகூடப் படக் கூடாது. முழு மாசத்துப் பிள்ளைக்கே அப்படி என்றால் ஒன்றேகால் கிலோவை பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவதா? நூறு பேர் கண்ணு படும், நூறு பேர் இருமுவார்கள். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். இருபத்தொன்பதுக்கும் நாற்பதுக்கும் நடுவில் பதினோரு நாள். பதினோரு நாளில் குடி முழுகிவிடாது என்று தீர்ப்பு எழுதிவிட்டாள். ஆஸ்பத்திரியைக் கரைத்துக் குடித்தவள் இல்லையா.

"இன்னா அண்ணி சொன்னாங்க?" என்று ஆட்டோவில் கிரேசி கேட்டாள்.

"எல்லாம் நல்லா கீதுன்னு சொன்னாங்க. பால் மட்டும் ஒழுங்கா குடுக்கச் சொன்னாங்க."

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு லேசாகச் சளி, அடுத்த வாரம் அழைத்து வருகிறேன் என்று லூர்தம்மாள் பொய் சொன்னாள். அடுத்த வாரமும் போன் வந்தது, அவள் எடுக்கவில்லை. நாற்பதாம் நாள் கோயிலில் ஜெர்சிக்குச் சிலுவை வரைந்தார்கள், எல்லோருக்கும் பிரியாணி போட்டார்கள். மறுநாள் அட்டையைக் கையில் எடுத்தபோதுதான் அவளுக்கு வேறொரு பயம் வந்தது. தேதி தாண்டிப் போய்விட்டது, அந்த நர்சம்மா நாலு பேர் முன்னால் கிழித்துவிடுவார். ஊர்க்காரர்களுக்காக எத்தனையோ வசவு வாங்கியவள், தனக்கென்று ஒன்று வரும்போது பின்வாங்கினாள். நாளைக்குப் போகலாம், திங்கட்கிழமை போகலாம் என்று அட்டை டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

நாலாம் மாசம் கிலுகிலுப்பையை ஆட்டினால் குழந்தை காதைத்தான் திருப்பியது. கிரேசிதான் முதலில் கவனித்தாள். சென்னையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். இரண்டு கண்ணிலும் விழித்திரை பிரிந்துவிட்டது, இனிமேல் வெளிச்சம் இருட்டுதான் தெரியும் என்றார்.

"முதல் மாசத்துலயே பார்த்து லேசர் வச்சிருந்தா காப்பாத்தியிருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. ஏன் கொண்டு வரல? உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

"யாரும் சொல்லல சார். சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டமா?" என்றான் யேசுராஜ்.

லூர்தம்மாள் அவன் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டு குழந்தையின் துணியைச் சரிசெய்தாள். முதலில் செய்தது அறியாமை என்று வைத்துக்கொண்டாலும் இதற்கு என்ன பெயர் வைப்பது? மனுஷியின் மேல் எனக்கு இரக்கம் உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் மட்டும் கோபம் வருகிறது. அன்றைக்குச் சொல்லாததை அதன்பின் மூன்று வருஷம் சொல்லவில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு அது குறுகுறுப்பாக இல்லை, தின்ற சோறு இறங்காத வலியாக இருந்தது. 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஆஸ்பத்திரிக்குத் துணை போவதை நிறுத்திவிட்டாள். ஜெர்சியைக் கீழே விடாமல் சுமந்தாள். ஒருமுறை பஸ் ஏறி, தன்னைத் தெரியாத ஒரு கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். கடவுள் உங்களை மன்னிப்பார், ஆனால் அந்தத் தாயிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும் என்றார் சாமியார். முதல் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள்.

அந்தத் தாயோ பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். கிரேசி வேலையை விட்டுவிட்டாள். நல்லநாள் பெரியநாளில்கூடப் புதுத்துணி உடுத்துவதில்லை. குழந்தை வயிற்றில் இருக்கும்போது லைனில் நின்று நின்று ஓ.டி. பார்த்ததால்தான் இப்படி ஆயிற்று என்பது அவள் கணக்கு. ஒரு நாள் கேட்டாள்.

"நான் ஏழாம் மாசத்துல லீவு போட்டிருந்தா ஜெர்சிக்குக் கண்ணு தெரிஞ்சிருக்கும் இல்ல அண்ணி?"

"ஆண்டவர் சித்தம்மா" என்றாள் லூர்தம்மாள்.

வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு ரூமை வாடகைக்கு விட்டிருந்தார்கள். போன வருஷம் அதில் தென்காசிப் பக்கத்துக்காரன் உச்சிமாகாளியும் அவன் பெண்டாட்டி கனகமும் குடிவந்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் போனில்தான். கனகத்துக்கு ஏழரை மாசத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பெட்டியில் மூன்று வாரம் இருந்துவிட்டு ரூமுக்கு வந்தது. லூர்தம்மாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், துணி அலசிக் கொடுத்தாள், அட்டையைப் பற்றி மட்டும் கேட்கப் பயந்தாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அவளுக்கு வீக் ஆஃப். காலை பத்து மணி இருக்கும். குழாயடியில் கனகம் போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

"ஆஸ்பத்திரியில இருந்துதான்க்கா. பிள்ளைக்குக் கண்ணு பாக்கணுமாம், பன்னெண்டு மணிக்குள்ள வாங்கங்காவ. எங்க அத்த நாப்பத்தொண்ணு கழியாம வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டாவ. கொற மாசத்துப் பிள்ள, காத்துக்கருப்பு அடிச்சிருமாம்."

லூர்தம்மாளின் கையிலிருந்த குடம் நிரம்பி வழிந்தது. "போய்ட்டு வந்துரு கனகம்" என்றாள்.

"கண்ணு நல்லாத்தானக்கா இருக்கு. லைட்டப் போட்டா மூடுதான்."

"நல்லா கீற மாதிரிதான் இருக்கும். போ. நான் ஆட்டோ சொல்றேன்."

"இன்னும் பன்னெண்டு நாளுதான. பன்னெண்டு நாள்ல என்னக்கா ஆயிரப்போவுது?"

பின்வாசல் படியில் கிரேசி உட்கார்ந்து ஜெர்சிக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள்தான் குரல் கொடுத்தாள். "எங்களுக்கு யாரும் சொல்லல கனகம். சொல்லியிருந்தா நான் தலகீழ நின்னாவது போயிருப்பேன். உனக்குக் கூப்ட்டுச் சொல்றாங்க, போயேன்."

"இல்ல மைனி, ரெண்டு வாரந்தான. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா என்னய உயிரோட விடமாட்டாவ" என்று கனகம் உள்ளே திரும்பினாள்.

லூர்தம்மாள் குழாயை மூடினாள். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அந்த டாக்டர் எழுந்து போய்விடுவார். புத்தி சொன்னால் இவள் கேட்க மாட்டாள். தானும் கேட்கவில்லையே. இவளை வெளியே இழுக்க ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, அதைக் கிரேசி இல்லாத இடத்தில் சொல்ல நேரமில்லை.

"சொன்னாங்க" என்றாள்.

கனகம் நின்றாள்.

"எங்களுக்கும் சொன்னாங்க, கனகம். எங்கிட்டதான் சொன்னாங்க. அட்டை குடுத்தாங்க, போன் பண்ணாங்க. நான்தான் நாப்பது நாள் கழியட்டும்னு இருந்துட்டேன். பதினோரு நாளுல இன்னா ஆயிடும்னு நானும் இதே மாதிரிதான் எண்ணினேன். தோ குந்திகினு கீது பாரு, இதான் ஆச்சு."

சீப்பு நடுத்தலையில் நின்றுவிட்டது. கிரேசி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்னிக்கு வரச் சொன்னாங்க?"

"இருவத்தொம்போதாம் நாளு. செவ்வாக்கிழம."

கிரேசி அந்த நாளை யோசிப்பது முகத்தில் தெரிந்தது. "அன்னிக்கு நான் வூட்ல சும்மாதான் இருந்தேன் அண்ணி" என்றாள். சத்தம் போடவில்லை. "நடந்தே கூட தூக்கினு போயிருப்பேன்."

லூர்தம்மாள் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எம்மேலதான் தப்பு. உம்மேல ஒண்ணுமில்ல கிரேசி, ஒண்ணுமே இல்ல" என்றாள். மூன்று வருஷமாகக் கிரேசிக்குக் கொடுக்காமல் வைத்திருந்த ஆறுதல் அது ஒன்றுதான். கிரேசி அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை. பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள், உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "கொழந்தைய துணியில நல்லா சுத்தி எடுத்துக்கோ கனகம். நானும் வர்றேன். அந்த அட்டைய எங்கையில குடு."

கனகம் அட்டையைக் கொடுத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி வந்தாள். கிரேசி கூப்பிட்ட ஆட்டோ தெருமுனைக்கு வந்துவிட்டது.

கிரேசி எங்கே கிளம்பினாலும் ஜெர்சி அத்தையிடம்தான் இருப்பாள். பழக்கதோஷத்தில் லூர்தம்மாள் எழுந்து வந்து இரண்டு கையையும் நீட்டினாள். கிரேசி இடுப்பிலிருந்த ஜெர்சியை மறு பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். அம்மா வெளியே போகிறாள் என்பது ஜெர்சிக்குப் புரிந்துவிட்டது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் குரலைத் தேடினாள்.

"அத்தே?"

லூர்தம்மாள் முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தை தாவி வந்துவிடும். சொல்லும் பாத்தியதை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று கிரேசியின் முகத்தைப் பார்த்தாள்.

"அத்தை இங்க இல்லடா" என்றாள் கிரேசி.

குழந்தை சரியென்று அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டது. லூர்தம்மாள் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காமல், இரண்டடி தள்ளி, ஆட்டோ கிளம்பும்வரை நின்றுகொண்டிருந்தாள்.