அந்தோணியின் காது

ஆம்பூரில் எங்கள் தெருப் பக்கம் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. கல்யாண வீட்டிலும் கத்தல், சாவு வீட்டிலும் கத்தல். புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டை என்று நினைத்து எட்டிப் பார்ப்பார்கள். வீட்டுக்கு ஒருவராவது தோல் பதனிடும் டேனரியின் இரைச்சலோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். இதில் ஒருவருக்குக் காது மந்தமானால் மற்றவர்களுக்குத் தெரிய வழியே இல்லை. அந்தோணிக்கே தெரியவில்லை, அதுதான் கொடுமை.

இளம் வயதில் அவர் டேனரியில் ஷேவிங் மிஷின் ஓட்டினார். சுழலும் கத்தி உருளைக்குள் ஈரத்தோலைக் கொடுத்து ஒரே கனத்துக்குச் சீவும் வேலை அது. கத்தி தோலைத் தொட்டதும் வரும் கிறீச்சு பல்லைக் கூசவைக்கும். காதில் வைக்கப் பஞ்சுகூடக் கொடுக்காத முதலாளியை இப்போது திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனாலும் திட்டத்தான் வருகிறது.

பக்கத்து மிஷின் கலீமுல்லாவுடையது. இருவரும் வேலை நேரம் முழுக்கக் கையாலேயே பேசிக்கொள்வார்கள். விரல்களைத் தேய்த்தால் கனம் ஜாஸ்தி. உள்ளங்கையைக் கவிழ்த்தால் மிஷினை நிறுத்து. அந்த டேனரி மூடியபோது கலீமுல்லா தோல் வியாபாரத்துக்குப் போனார். அந்தோணிக்குச் சின்ன வயதிலிருந்தே கார்ப் பைத்தியம். பெங்களூரில் வேலை கற்று வந்து, பைபாஸ் ஓரம் ஷெட் போட்டார்.

டர்போ கார்களை ட்யூன் செய்வதில் பேர் வாங்கினார். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிப்பது. திணிப்பு அளவு மீறினால், தீப்பொறி சொன்ன நேரத்துக்குப் பெட்ரோல் எரியாமல் தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். பிஸ்டனைத் தின்றுவிடும். சத்தமோ மெல்லியது, தகரத்தில் கடுகு சிதறுவது போல இருக்கும். அதைப் பிடிக்க அந்தோணி இன்ஜினில் ஒரு சின்ன மைக்கைத் திருகி, ஹெட்போனை மாட்டிக்கொள்வார். "லேப்டாப்ப எவன் வேணா பாப்பான். காது வேணும்" என்பார். அந்தக் காதை நம்பித்தான் குடியாத்தத்திலிருந்தும் வேலூரிலிருந்தும் வண்டிகள் வந்தன. குடும்பம் ஓடியதும் அதனால்தான்.

போன மே மாதம் கலீமுல்லா தன் காரைக் கொண்டுவந்தார். ஆலங்காயம் பக்கம் மேடு ஏறும்போது இழுவை கம்மி என்றார். அந்தோணி லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். இன்ஜினில் ஏதோ தட்டுகிறது என்று சென்சார் சொல்ல, காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பயந்துபோய் தீப்பொறியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. இழுவை போனது அதனால்தான். இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். நிஜமாகவே நாக்கிங், அல்லது எங்கோ ஆடும் தகட்டைச் சென்சார் தப்பாக எடுத்துக்கொள்கிறது.

எது என்று சொல்லக் காது வேண்டும். இரண்டு பேரும் ஹைவேயில் காரை விரட்டினார்கள். அந்தோணி ஹெட்போனை மாட்டியிருந்தார். உறுமல் மட்டும் கேட்டது. சந்தேகத்துக்குக் கழற்றி நண்பரிடம் கொடுத்தார். கலீமுல்லாவும் கேட்டுவிட்டு, பழைய டேனரி வழக்கப்படி கட்டைவிரலைத் தூக்கினார்.

"சென்சார்தான் பேஜார் பண்ணுது பாய்" என்றார் அந்தோணி. சென்சார் சொல்வதைக் கம்ப்யூட்டர் காதில் போட்டுக்கொள்ளாதபடி மாற்றினார். கார் பறந்தது. கலீமுல்லாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வாரமே பள்ளிகொண்டா தாண்டி, வேகமாகப் போகையில் இன்ஜின் அப்படியே இறுகி நின்றது. பின்னால் வந்த லாரி இடித்தது. கலீமுல்லா தப்பித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவி வஹீதாவுக்குத் தோள் எலும்பு நொறுங்கியது. இனி அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தோணி இன்ஜினைப் பிரித்தார். பிஸ்டன் ஓரமெல்லாம் எலி கொறித்தது போல இருந்தது. இது சந்தேகமே இல்லாத நாக்கிங். அப்படியானால் அன்றைக்கு ஏன் கேட்கவில்லை? ஹெட்போன் சத்தத்தை லேப்டாப் பதிவு செய்திருந்தது. கலீமுல்லாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"பெட்ரோல் மட்டமா இருந்திருக்கும், வுடு" என்றார் கலீமுல்லா. திட்டியிருந்தால் தேவலை.

"இருங்க பாய். நல்லா கேளுங்க."

இருவரும் ஸ்பீக்கரிடம் குனிந்தார்கள். உறுமல்தான். சத்தத்தைக் கூட்டினார். அப்போதும் உறுமல்தான்.

அந்தோணியின் மனைவி ஹெலன் அப்போதுதான் சாப்பாட்டுத் தூக்கோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு ஷூ கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை, இரைச்சல் இல்லாத செக்‌ஷன்.

"இன்னாங்க அது, டிணுக் டிணுக்குனு?"

அந்தோணி நிமிர்ந்தார். "எது?"

"கடுகு பொரியற மாதிரி. கேக்கல?"

"எங்க வருது, சொல்லு."

அவள் தூக்கை வைத்துவிட்டு மேஜைத் தகட்டில் விரலால் தட்டிக் காட்டினாள். "இப்ப. இதோ இப்ப. மறுபடியும்." கார் வேகமெடுக்கும் இடத்தில் அவள் விரலும் வேகமெடுத்தது. நிற்கவே இல்லை.

அந்தோணி அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கலீமுல்லாவைத் திரும்பிப் பார்த்தார். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் காரில் கேட்டுச் சரி என்றது அவருடைய காதும்தானே.

ஹெலன் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். கலீமுல்லா கையை நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்தார். அந்தோணிக்கு அது புரிந்தது. ஸ்பீக்கரை அணைத்தார்.