உள்ளங்கை ரேகைக்கு ஒன்பது அட்டைகள்

பெயின்ட் கடையில் அவளை எல்லோரும் கலரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சுவரிலிருந்து பெயர்ந்த நகமளவு சில்லு, பழைய திரைச்சீலையின் ஓரம், ஒருமுறை ஒரு கத்தரிக்காய் என்று எதைக் கொண்டுவந்து நீட்டி, "இந்தக் கலர் வேணும்" என்றாலும், கண்ணைச் சுருக்கி ஒரு பார்வை பார்ப்பாள். வெள்ளை பெயின்டில் சாயத்தைத் துளித்துளியாக விட்டுக் கலக்குவாள். அதை அட்டையில் தீட்டிக் காயவைத்து, வந்த சாமானின் பக்கத்தில் பிடித்தால் எது அசல் என்று கொண்டுவந்தவருக்கே தெரியாது. கடையில் நிறம் பார்க்கும் இயந்திரமும் ஒன்று இருந்தது. அது காட்டும் கணக்கைப் பார்த்து, "பரவாயில்ல, கத்துக்கிட்டு வருது" என்பாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயதானபோதுதான் அது கண்ணில் பட்டது. ஒரு மதியம் சாப்பிடப் போகுமுன் கை கழுவினாள். வலது உள்ளங்கை ரேகையில் மட்டும் பழுப்பு போகவில்லை. சோப்பு போட்டாள், பெயின்ட் கரைக்கும் தின்னர் ஊற்றினாள், பிரஷ்ஷால் தேய்த்தாள். தோல் சிவந்ததுதான் மிச்சம். இடது கையை விரித்தால் அங்கேயும் அதே கோடு.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். இவளுக்கோ அது என்ன நிறம் என்று தெரியாமல் இருப்புக்கொள்ளவில்லை. காவி நாலு துளி, மஞ்சள் இரண்டு, கறுப்பு ஒன்று. அட்டையில் தீட்டினாள், ரேகையோடு அச்சாக ஒத்துப்போனது. பின்னால் தேதி எழுதி மேசை இழுப்பறையில் போட்டுவைத்தாள். அடுத்த சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் அட்டை வெளிறித் தெரிந்தது. அட்டை மாறவில்லை, ரேகைதான் கறுத்திருந்தது. கறுப்பில் இன்னொரு துளி சேர்த்துப் புது அட்டை போட்டாள். அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் ஓர் அட்டை.

லிஃப்ட் பழுதுபார்க்கும் அவள் கணவருக்கு அவள் முகமே மங்கிவருவதாகப் பட்டது.

"வெயில்ல சுத்தாதேன்னா கேக்குறியா?"

"கடைக்குள்ள ஏதுங்க வெயிலு? கூரையையா பிச்சு வெச்சிருக்காங்க?"

நாத்தனார் ஒரு கிரீம் வாங்கிவந்தாள். "ரெண்டே வாரம் அண்ணி, பளிச்சுன்னு ஆயிருவீங்க." கலரக்கா அதை இடது கையில் மட்டும் பூசி, வலது கையைச் சும்மா விட்டாள். இரண்டு வாரம் கழித்து இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். துளி வித்தியாசம் இல்லை. நாத்தனாருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"நீங்க நம்பிக்கையோட போடல."

"நம்புறதுக்குத்தாம்மா ஒரு கையில மட்டும் போட்டேன்."

நிறத்தோடு நிற்கவில்லை. கடைச் சட்டை தோளில் தொளதொளத்தது. வீட்டுக்கு மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. உப்பின் மேல் அப்படி ஓர் ஆசை வந்தது. காகிதத்தில் மடித்துக் கடைக்கே கொண்டுபோய், ஆள் இல்லாத நேரத்தில் விரலால் தொட்டு நக்கினாள். தெருமுனை மருத்துவர் ரத்தம் கம்மி என்று டானிக் எழுதிக்கொடுத்தார். டானிக் தீர்ந்தது, களைப்பு தீரவில்லை.

ஒருநாள் காலை, மேல் தட்டிலிருந்த டப்பாவை எடுக்க ஏணியில் ஏறியவள் கண்ணிருட்டிக் கீழே சரிந்தாள். நல்லவேளை, இரண்டாவது படிதான். முதலாளி பதறிப்போய் அவள் கணவருக்குப் போன் போட்டு, இருவரையும் தன் வண்டியிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கிளம்பும்போது அவள் இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுத்துக்கொண்டாள்.

அங்கே சுரப்பி நோய்களைப் பார்க்கும் மருத்துவர் ஒரு பெண். அவர் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்பது அட்டைகளையும் மேசையில் வரிசையாகப் பரப்பினாள். மருத்துவரின் பேனா நின்றது.

"என்ன இது?"

"என் கை ரேகைங்க. வாரத்துக்கு ஒண்ணு. நடுவுல ஒரு வாரம் விட்டுப்போச்சு, அன்னைக்கு எந்திரிக்கவே முடியல."

மருத்துவர் முதல் அட்டையையும் கடைசி அட்டையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொன்னார், ஈறில் கரும்புள்ளிகள். படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை ரத்த அழுத்தம் பார்த்தார். நின்றதும் சட்டென்று இறங்கியது.

"உப்பா சாப்பிடணும்னு தோணுதா?"

அவள் திடுக்கிட்டுக் கணவரைப் பார்த்தாள். எனக்கே தெரியாதே என்பதுபோல அவர் தலையாட்டினார்.

அன்றே சேர்த்துக்கொண்டு, உடம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்தார்கள், ஊசி ஒன்று போட்டுவிட்டு மறுபடி எடுத்தார்கள். முடிவு வந்ததும் மருத்துவர் கட்டிலருகே நாற்காலி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டன என்றார். உடம்புக்குத் தெம்பு தரும் கார்ட்டிசாலும், உப்பைப் பிடித்துவைக்கும் இன்னொரு ஹார்மோனும் அங்கேதான் சுரக்க வேண்டும்.

"சரிங்க. கறுப்பு எங்கேருந்து வந்துச்சு?"

மருத்துவர் சிரித்துவிட்டார். "மூளைக்கு அடியில பட்டாணி அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு, பிட்யூட்டரி. அதுதான் அட்ரீனலுக்கு 'சுர, சுர'ன்னு உத்தரவு போடும். கீழ வேலை நடக்கலேன்னா உத்தரவு அதிகமாயிட்டே போகும். அந்த உத்தரவும் ஒரு ஹார்மோன்தான். அது ரொம்ப அதிகமானா தோலையும் கறுக்க வெச்சிரும்."

அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். "அப்ப மேல இருக்கிறவரு போட்ட சத்தம்தான் இங்க தெரிஞ்சுதா?"

"அப்படியே வெச்சுக்கலாம்."

"குணமாயிருமா டாக்டர்?" என்று கணவர் கேட்டார்.

"சுரப்பி திரும்பாது. அது செய்யற வேலையை மாத்திரை செய்யும். ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது. காய்ச்சல் வந்தா ரெண்டு மடங்கு. வாந்தி எடுத்தா மாத்திரை தங்காது, உடனே ஊசி போட்டாகணும். இல்லேன்னா உயிருக்கே ஆபத்து."

சுரப்பியை அழித்தது அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியேதான் என்றும் அவர் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, "அது சரியாத் தெரியலம்மா" என்றார். நோயைவிட அந்தப் பதில்தான் அவளை உறுத்தியது. வீட்டுக்கு வந்தும் அது விடவில்லை. "என் உடம்பு என்னோடதையே தின்னிருக்கு. எதுக்குன்னு அதுக்கும் தெரியலையாம்" என்று கணவரிடம் சொல்லி அழுதாள். அவர் மாத்திரை வேளைகளைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினார்.

தெம்பு ஒரு வாரத்தில் திரும்பியது. மூன்று மாடியை ஒரே மூச்சில் ஏறிவந்து, கதவைத் தட்டாமல் வெளியிலேயே நின்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். நிறம் இறங்கத்தான் மாதங்கள் பிடித்தன. நாத்தனார், "என் கிரீம் மெதுவாத்தான் அண்ணி வேலை செய்யும்" என்றாள். கலரக்கா மறுக்கவில்லை.

ஏழாவது மாதம் ஒரு காலையில் அவளுக்கு ஓயாத வாந்தி. கணவர் அவளை அள்ளிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாசலில் நர்ஸ் பெயர், வயது என்று ஆரம்பித்ததும், வாழ்க்கையில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், "இவளுக்கு அட்ரீனல் வேலை செய்யாது! முதல்ல ஊசி, அப்புறம் கேள்வி!" என்று கத்தினார். ஊசி போட்டார்கள். மதியத்துக்குள் அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் கழுத்து வீங்கிய அம்மா ஒருவர் படுத்திருந்தார். கலரக்கா நர்ஸைக் கூப்பிட்டு மெல்ல, "அவங்களுக்கு எந்தச் சுரப்பிங்க?" என்றாள்.

"நீங்க பேசாம தூங்குங்க" என்றாள் நர்ஸ்.

அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. தலையைத் திருப்பி, "தைராய்டும்மா. உங்களுக்கு எது?" என்றார்.

கலரக்கா ஒரு கையை ஊன்றி எழுந்து, தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தாள்.