துருக்கி மைதானத்தில் ஒரு பிடி ஏலக்காய்

கால்பந்துக்கும் எனக்கும் பகையும் இல்லை, உறவும் இல்லை. போடியிலிருந்து மலையேறி மெட்டைத் தாண்டிக் கேரளாவுக்குள் நுழைந்தால், உலகக்கோப்பை சமயத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு மர உயரத்தில் கட்அவுட் வைத்திருப்பார்கள். ஜீப்பில் போகும்போது பார்த்துச் சிரித்துக்கொள்வேன். என் கால்பந்து ஞானம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவனை, ஏலக்காய் விற்கப் போன இஸ்தான்புல்லில், ஒரு மைதானத்துக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள்.

கூட்டிப்போனவர் என் சரக்கை வாங்க நினைத்த மசாலா வியாபாரி. என் வயதுதான் இருக்கும். கூடவே கல்லூரியில் படிக்கும் மகள். அவருடைய துருக்கி மொழியையும் என் ஓட்டை ஆங்கிலத்தையும் அவள்தான் ஒட்டவைத்தாள். "முதலில் ஆட்டம், பிறகு வியாபாரம்" என்றார். எனக்கு எரிச்சல்தான். வாங்குகிறவரிடம் அதைக் காட்டவா முடியும்?

மைதானம் புத்தம்புதிது. வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் கிடையாது. அவரவர் படம் போட்ட அட்டையைக் காட்டினால்தான் இரும்புக் கதவு சுழலும். எந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உள்ளே ஒரு கணினிக்குத் தெரியும். சோதனை செய்தவர் என் சட்டைப்பையில் இருந்த சாம்பிள் பொட்டலத்தை மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். என் இடம் அவள் அப்பாவின் பொறுப்பில் எடுத்தது, நான் என்ன வம்பு செய்தாலும் அவர் தலையில்தான் விடியும் என்று மகள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

மேல்தட்டில் இடம். படிகள் அத்தனை செங்குத்து. கம்பியைப் பிடித்துக்கொண்டே ஏறினேன். உட்கார்ந்து கீழே பார்த்தபோதுதான் வாயைப் பிளந்தேன். கூட்டத்தின் மேல் வெள்ளைக் கூரை, ஆடுகளத்தின் மேல் வெறும் வானம், நடுவில் முதல்தரக் காய்க்கு இருக்கிற அந்தப் பச்சையில் புல். சுற்றிலும் எல்லோரும் சூரியகாந்தி விதையைக் கடித்துக் கடித்துத் தொலியைக் காலடியில் துப்பிக்கொண்டிருந்தார்கள். அட, நம்ம ஊர்தான் என்று நினைத்தேன். அந்த நினைப்புதான் என்னைக் கெடுத்தது.

வியாபாரியின் மனைவி இறந்த பிறகு அப்பாவும் மகளும் இங்கே ஓர் ஆட்டம்கூட விட்டதில்லையாம். வீட்டில் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, வாய்விட்டுக் கத்துவது இங்கே மட்டும்தான் என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

இடைவேளையில் அவருக்கே பொறுக்கவில்லை. காயைக் காட்டச் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொஞ்சம் கொட்டி, என் கையிலும் ஒரு பிடி எடுத்தேன். எங்கள் ஏல மையத்தில் வியாபாரிகள் நாங்கள் சாம்பிளை உள்ளங்கையில் உருட்டுவோம், நிறம் பார்ப்போம், ஒன்றை உடைத்துக் கடிப்போம், மிச்சத்தை அப்படியே விசிறிவிட்டு அடுத்த பொட்டலத்துக்குப் போவோம். தரையெல்லாம் காயாகக் கிடக்கும், மிதித்துக்கொண்டுதான் நடப்போம். இருபது வருஷப் பழக்கம். உருட்டினேன், பார்த்தேன், கடித்தேன், கை தன்பாட்டுக்கு விசிறிவிட்டது. கம்பியைத் தாண்டிக் கீழ்த்தட்டுக்காரர்கள் தலையில் ஏலக்காய் மழை.

யாருக்கும் அடி இல்லை. ஆனால் மஞ்சள் சட்டை போட்ட மைதானக் காவலாளிகள் இருவர் வந்துவிட்டார்கள். வியாபாரி முகத்தில் ரத்தமே இல்லை. "மைதானத்தில் எதையாவது வீசினால் தடை. அப்பா இந்த வருஷம் முழுக்க உள்ளே வர முடியாது" என்றாள் மகள். இப்போது அவள் சிரிக்கவில்லை. ஆர்டர் போனால் போகட்டும். இந்த இரண்டு பேருக்கும் இருக்கிற ஒரே இடத்தையும் நான் பிடுங்கிவிட்டேனே!

இருக்கைகளுக்கு அடியில் ஓர் அறை. சுவர் முழுக்கத் திரைகள். ஒன்றில் என் வழுக்கையும் என் கையும். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். மீசை வைத்த அதிகாரி, யார் மேல் கோபம் என்று கேட்டார். கோபமே இல்லை, வியாபாரத்தில் இப்படித்தான் வீசுவோம் என்றேன். மகள் அதைச் சொன்னதும் அவர் பொட்டலத்தைப் பார்த்தார். அங்கே ஏலக்காயைக் கிராம் கணக்கில் வாங்குகிறவர்கள். இதையா வீசுவீர்கள் என்றார். யார்தான் நம்புவார்கள்? வியாபாரியின் அட்டையைக் கேட்டு வாங்கி மேசைமேல் வைத்தார்.

அங்கே மத்தியானம் என்றால் போடியில் சாயங்காலம், ஏலம் நடக்கிற நேரம். என் மனைவியின் அண்ணன் ஏல மையத்தில்தான் இருப்பார். வீடியோவில் கூப்பிட்டேன்.

"என்ன மாப்ளே, சோலி முடிஞ்சிருச்சா?"

"மச்சான், தரையக் காட்டுங்க."

"எந்தத் தரைய?"

"நீங்க நிக்கிற தரையத்தான். வெரசா காட்டுங்க, வெவரம் பெறகு சொல்றேன்."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா மாப்ளே?" என்றவரின் மூக்கோடு படம் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தலைக்குமேல் இடி மாதிரி ஒரு சத்தம். கோல். வியாபாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் அசைந்தது. தரை தெரிந்தது. பச்சைப் பசேலென்று காய், அதன்மேல் நடக்கிற கால்கள். யாரோ ஒரு புண்ணியவான் சரியாக அப்போது ஒரு பிடியை விசிறினான். அதிகாரி என் போனைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். மஞ்சள் சட்டைக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இதையெல்லாம் யார் கூட்டுவது என்று கேட்கிறார்" என்றாள் மகள்.

"ஏலம் முடிந்ததும் கூட்டி அள்ளி விற்றுவிடுவார்கள்" என்றேன்.

அதிகாரி அட்டையை வியாபாரியிடம் நீட்டினார். பொட்டலத்தைத் தன் மேசை டிராயரில் வைத்துக்கொண்டார். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு நிம்மதி என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. கோல் யார் போட்டது என்று வியாபாரி கேட்டார். நம் ஆட்கள்தான் என்றார் அதிகாரி. அப்பாவும் மகளும் அந்த அறையிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினார்கள்.

"மாப்ளே, இன்னும் தரையக் காட்டணுமா? கை வலிக்கிது" என்று போன் கேட்டது.

அடுத்த வருஷம் இருவரும் சரக்கு பார்க்கப் போடிக்கு வந்தார்கள். ஏல மையத்தில் அவர் ஒரு பிடியை உருட்டினார், நிறம் பார்த்தார், ஒன்றைக் கடித்தார். கை மட்டும் திறக்கவில்லை. சுவர் மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"போடுங்க" என்றேன், தமிழிலேயே.

ஓங்கி விசிறினார். மகள் கோல் விழுந்ததுபோலக் கத்தினாள். "ஆத்தி, என்னா வீச்சு!" என்றார் மச்சான். வியாபாரி அவசரமாகச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். மைதான அட்டை அங்கேதான் இருந்தது.