மேட்டுத்தெருவில் மேடு இல்லை

பாபநாசம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வெள்ள ஒத்திகை நடக்கிறது, வந்து படம் எடுங்கள் என்று தாலுகா அலுவலகத்திலிருந்து அழைத்திருந்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு ஆண்டுதோறும் நான் எழுதும் செய்திதான். லைஃப் ஜாக்கெட், மணல் மூட்டை, ஸ்ட்ரெச்சரில் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவர்.

சைரன் ஒலித்ததும் வாய்க்காலோரக் காலனி மக்கள் மேட்டுத்தெரு தொடக்கப் பள்ளிக்குப் போக வேண்டும். அதுதான் நிவாரண முகாம். பெயர்தான் மேடு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் மெயின் ரோடு உயர்ந்துவிட்டது, தெரு பள்ளமாகிவிட்டது. போன மழையில் வகுப்பறைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அதிகாரிகளுக்கும் இது தெரியும். முகாமை மாற்றினால் மெயின் ரோட்டுச் சமுதாயக் கூடத்துக்குத்தான் மாற்ற வேண்டும். அரசுப் பணத்தில் உயரமாகக் கட்டியது. சாவி மட்டும் பெரிய தெரு நிலக்காரர்களிடம். அங்கே நடக்கும் கல்யாணம், காதுகுத்து எல்லாம் அவர்கள் வீட்டினுடையவை. காலனிக்கு ஒருமுறைகூட அது திறந்ததில்லை.

காலனியின் வார்டு உறுப்பினர் தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை. ஒத்திகை தொடங்கும் முன் முகாமை மாற்றச் சொல்லி வட்டாட்சியரிடம் அவர் கேட்டபோது, பக்கத்திலிருந்த கிராம நிர்வாக அலுவலர் முந்திக்கொண்டார்.

"பேர்லயே மேடு இருக்கேம்மா, அப்புறம் என்ன?"

"தண்ணிக்குப் படிக்கத் தெரியாதுங்க சார்."

வட்டாட்சியர் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்.

சைரன் ஒலித்தது. காலனி கிளம்பியது. கைக்குழந்தைகள், ஆடுகள், போர்வையில் சுற்றிய ஒரு டிவி. பள்ளி வாசலில் மைக்கோடு நின்றவர் இந்தப் பக்கம் வாங்க என்று கூவிக்கொண்டே இருந்தார். ஒருவரும் திரும்பவில்லை. நேராகப் போய்ச் சமுதாயக் கூடத்துப் படிகளில் உட்கார்ந்தார்கள். கதவில் பூட்டு.

பின்னாலேயே ஜீப் வந்தது. இது வெறும் ஒத்திகை, எழுந்து போங்கள் என்று வட்டாட்சியர் சொல்லிப் பார்த்தார்.

"ஒத்திகைக்கே திறக்காத கதவு புயலுக்குத் திறக்குமாங்க?" என்றார் ஆசிரியை.

பெரிய தெருவிலிருந்து வேடிக்கை பார்க்க வந்த ஒருவர், வெயிலில் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்று கேட்டார்.

"உங்க வயல்ல நடவு நட்ட முதுகுதானுங்க. அன்னிக்குக் கேக்கலியே வெயிலைப் பத்தி" என்றார் ஆட்டைப் பிடித்திருந்த பெண். படிகளில் சிரிப்பு எழுந்தது.

நிருபர்கள் நாங்கள் பூட்டைப் படமெடுக்கத் தொடங்கினோம். வட்டாட்சியர் செல்போனை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளிப் போனார்.

பெரிய தெருவிலிருந்து பைக்கில் சாவி வந்தது. ஆசிரியை வாங்கித் திறந்தார். உள்ளே மின்விசிறிகள் சுழன்றன. கிழவர்கள் சிமெண்டுத் தரையில் காலை நீட்டினார்கள். சிறிது நேரத்தில் ஒத்திகை வெற்றிகரமாக முடிந்தது என்று மைக்கில் அறிவித்தார்கள். எல்லோரும் வெளியே வந்ததும் ஆசிரியையே பூட்டினார். பைக்கில் வந்தவர் கையை நீட்டினார்.

சாவி ஆசிரியையின் கைப்பைக்குள் போனது.

"மழை முடியட்டும், தரேங்க."

பைக்கில் வந்தவர் வட்டாட்சியரைப் பார்த்தார். வட்டாட்சியர் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்.