லாபம், ரெண்டு, மூணு

எனக்குக் கணக்கு வராது என்று ஊருக்கே தெரிந்தது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது. அன்றைக்கு வாத்தியார் மேசைமேல் புளியமுத்தைக் கொட்டி, "எண்ணுட்டி" என்றார். எண்ணினேன்.

"லாபம், ரெண்டு, மூணு..."

எங்கள் வீட்டில் அப்படித்தான். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு அறுப்புக்கும் அப்பா பக்கத்தில் நின்று அதைக் கேட்டே வளர்ந்தவள் நான். ஒன்று என்று ஓர் எண் இருப்பது தெரியும். ஆனால் எதையாவது எண்ண ஆரம்பித்தால் வாயில் வருவது லாபம்தான்.

வகுப்பு சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். "ஏட்டி, இது பள்ளிக்கூடமா, உங்கப்பன் களமா? லாபத்தையும் ரெண்டையும் கூட்டினா என்னட்டி வரும்?"

அதற்குப் பிறகு ஒரு வருஷம் எந்தக் கணக்குக்கும் நான் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் என்னை லாபம் என்றே கூப்பிட்டார்கள். விடை தெரியும். வாயைத் திறந்தால் என்ன வந்துவிடுமோ என்ற பயத்தில் திறக்க மாட்டேன். கொஞ்ச நாளில் விடையும் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊர் ஆய்க்குடிக்குப் பக்கம். இன்ஸ்பெக்டர் ஆடி மாதம்தான் பள்ளிக்கூடம் பார்க்க வருவார். குற்றாலத்தில் சாரல் விழ வேண்டும், பங்களாவில் இரண்டு நாள் தங்க வேண்டும், எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நாங்கள். அவர் எழுதிவிட்டுப் போவதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்குச் சர்க்கார் கிராண்ட் பணம். ஆகையால் அவர் வருகிற அன்று மக்குப் பிள்ளைகளை வரவிடாமல் செய்வது எங்கள் வாத்தியாரின் ஏற்பாடு.

"நாளைக்கு நீ வரண்டாம். அம்மை கூட குத்தாலத்துக்குக் குளிக்கப் போ" என்றார்.

போனேன். அம்மா மங்குஸ்தான் வாங்கிக் கொடுத்தாள். இனிக்கத்தான் செய்தது.

அடுத்த தையில் நான்காம் வகுப்புக்கு வந்ததும் அப்பா ஒரு வார்த்தை சொன்னார். எங்கள் ஊரில் நாலுக்கு மேல் கிடையாது. ஐந்தாவது படிக்கத் தென்காசிக்குப் போக வேண்டும், அங்கே சித்தி வீடு இருந்தது. "இன்ஸ்பெக்டரு பாஸுன்னு எழுதினா அனுப்புதேன். இல்லன்னா வீட்ல கிட."

எனக்குப் போக வேண்டும். தென்காசியில் ஒரு டீச்சரம்மாவைப் பார்த்திருந்தேன். காலில் செருப்பு, கையில் குடை. தெரு நடுவே நடந்து போனாள். அவளைப்போல ஆக வேண்டும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வேறு ஆசையும் இல்லை.

அந்தப் பங்குனியில் களத்தில் நின்றுகொண்டிருந்தேன். அளக்கிறவர் ராகம் போட்டு எண்ணினார். மூடைக்கு இத்தனை மரக்கால், வண்டிக்கு இத்தனை மூடை என்று நான் மனதுக்குள் முந்திக்கொண்டேன். அவர் முடிக்குமுன் என்னிடம் விடை இருந்தது. மறுபடி பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன், பிசகவில்லை. களத்தில் எனக்குப் பயமே இல்லை. அப்படியானால் எல்லாக் கணக்கையும் களத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டியதுதானே? இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானே கண்டுபிடித்தது. மாங்காய் என்றாலும் நெல், பென்சில் என்றாலும் நெல். ஒன்று என்பதை மட்டும் கிணற்றடியில் தனியாகச் சொல்லிப் பழகினேன்.

"என்னட்டி, ஒண்ணு ஒண்ணுங்கே?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஆடி வந்தது. வாத்தியார் வழக்கம்போல, "நாளைக்கு வரண்டாம்" என்றார். தலையை ஆட்டிவிட்டு, மறுநாள் படிய வாரிச் சீவிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாத்தியார் என்னைக் கவனித்த நேரத்தில் இன்ஸ்பெக்டரின் வண்டி வாசலில் நின்றுவிட்டது.

"ஒரு கூடையில் பதினாறு மாங்காய். ஒன்பது கூடையில் எத்தனை?" என்று கேட்டார் அவர்.

முன்வரிசை சிலேட்டில் கீறிக்கொண்டிருந்தது. நான் எழுந்தேன். கண்ணை மூடினேன், நெல் குவியல் தெரிந்தது.

"நூத்தி நாப்பத்தி நாலு."

"எப்படிம்மா?"

"பத்துக் கூடைக்கு நூத்தி அறுவது. அதுல ஒண்ணு குறைச்சு, பதினாறு போக நூத்தி நாப்பத்தி நாலு."

ஒண்ணு என்று சொல்லிவிட்டேன். அது எனக்கு எவ்வளவு பெரிய சொல் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

"சபாஷ்! பேர் என்ன?" என்று ரிஜிஸ்தரைத் திறந்தார். பேரைச் சொன்னேன். அவர் விரல் மேலிருந்து கீழே வந்தது, திரும்ப மேலே போனது. பிறகு தலைகளை எண்ணினார். "இதில் பத்தொன்பது பேர். உட்கார்ந்திருப்பது இருபது. என்ன சார்?"

வாத்தியார் முன்கூட்டியே ரிஜிஸ்தரிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"அது நம்ம பிள்ளை இல்ல சார். சும்மா வேடிக்கை பாக்க வந்தது."

ஒரு வருஷமாக லாபம் லாபம் என்று கூப்பிட்ட அத்தனை வாயும் மூடியிருந்தது. என் வாயும்தான்.

"கெட்டிக்காரப் பிள்ளையாய் இருக்கிறது. அவங்க அப்பாவிடம் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேருங்கள்" என்று சொல்லி, இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரை மூடினார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார். "பாஸு எழுதினாரா?"

"சரியாச் சொன்னேம்ப்பா."

"அது கெடக்கட்டும். எழுதினாரா?"

"எம்பேரே அதுல இல்ல."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பேரு இல்லாத எடத்துல உனக்கு என்ன சோலி?" அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் போய்க் கெஞ்சுகிற வழக்கம் இல்லை. நானும் கெஞ்சவில்லை. அன்றைக்குக் கெஞ்சியிருக்கலாம்.

பதினாறு வயதில் ஆலங்குளம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ஒருபோக வயல். யுத்தம் நடந்தபோது, வீட்டுச் சாப்பாட்டுக்குப் போக மிச்ச நெல்லைச் சர்க்காருக்கு அளக்க வேண்டும் என்று உத்தரவு. ஒரு பங்குனி அறுப்பு முடிந்து சர்க்கார் ஆள் வந்தான். தாளில் பென்சிலால் போட்டுவிட்டு என் மாமனாரிடம் சொன்னான்.

"ஒம்பது தலை. ஆளுக்கு மாசம் ரெண்டு மரக்கா, பன்னெண்டு மாசம். நூத்தித் தொண்ணூத்தாறு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

"இருநூத்திப் பதினாறு வரணும்" என்றேன், கதவுக்குப் பின்னால் நின்று. என் குரல் நடுங்கவில்லை. கணக்கின்மேல் இருந்த பயம் பிறந்த ஊரோடு போய்விட்டது.

அவன் சிரித்தான். "மருமவ பள்ளிக்கூடம் போயிருக்காளோ?"

"எங்க போனா? அதெல்லாம் கெடையாது" என்றார் மாமனார். என் பக்கம் திரும்பி, "உள்ள சோலியப் பாரும்மா" என்றார்.

அவன் எழுதியது நூற்றுத் தொண்ணூற்றாறு. வண்டியில் எங்கள் நெல் இருபது மரக்கால் கூடுதலாகப் போயிற்று.

அடுத்த மாசி இருபத்தேழில், நெல் போட்டு வைத்த மண் குலுக்கை காலி. அறுப்பு வரைக்கும் கேப்பைக் கூழ்தான். பிள்ளைகள் சோறு கேட்டு அழுதார்கள். என் மாமியார் குலுக்கைக்குள் கையை விட்டுத் துழாவி, "எப்படித் தீர்ந்துது?" என்று யாரிடமென்று இல்லாமல் கேட்டாள். மாசி இருபத்தேழு என்று நான் சித்திரையிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.