கண்ணோடு இறங்கி வந்த மூட்டம்

வண்ணார்பேட்டையில் பனிமூட்டம் இறங்காது. காலையிலேயே வெயில் கொதிக்கிற ஊர். ஆனாலும் மலையைவிட்டு வந்த நாள் முதல் எனக்குக் கடைவீதி முழுக்க வெள்ளையாகத்தான் தெரிந்தது. என் மக்களே, திருப்பூரிலிருந்து நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம் நான் அதைச் சொல்லவில்லை. நம் மாஞ்சோலை எஸ்டேட் கொஞ்சம் என்னோடு இறங்கி வந்திருக்கிறது என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

தேயிலைக்காட்டில் மூட்டம் அடைத்தால் நாம் என்ன செய்வோம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. நின்ற இடத்தில் நிற்போம். கால் மாற்றி வைத்தால் பள்ளம். 'ஓ' என்று ஒரு குரல் கொடுத்தால் அடுத்த வரிசையில் நிற்கிற ஆள் 'ஓ' என்பார். அந்தச் சத்தத்தைப் பிடித்துத்தான் பாதைக்கு வருவோம். அதே பழக்கத்தில், ஒரு நாள் ரோட்டைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் வெள்ளையாகிவிட, நடுரோட்டில் நின்று குரல் கொடுத்துவிட்டேன். பதிலுக்கு ஹாரன்தான் வந்தது. பஸ் டிரைவர் தலையை நீட்டி, "பெரியவரே, சாவுததுக்கு என் வண்டிதான் கெடச்சுதா வே?" என்றார். உங்கள் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாளே கண்ணாஸ்பத்திரி. எப்போதிருந்து மங்கல் என்று நர்ஸ் பிள்ளை கேட்டது. மழை மாசத்தில் அதிகம், சித்திரையில் குறையும் என்றேன். "கண்ணுக்கு ஏது தாத்தா மழை மாசம்?" என்று சிரித்தது. நான் உண்மையைத்தான் சொன்னேன். மலையில் இருந்தவரை எது மூட்டம், எது கண்புரை என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து, சொட்டு மருந்து விட்டு, வலது கண்ணில் ஆபரேஷன் செய்தார்கள். வலி இல்லை. கட்டோடு படுத்திருந்தபோதுதான் பயம். ஏற்கெனவே மங்கிய இடது கண்ணில் யாரும் பிடிபடவில்லை. என்னையறியாமல் 'ஓ' என்றுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னமோ ஏதோ என்று எழுந்துவிட்டார். வராந்தாவிலிருந்து உங்கள் அம்மா பைய 'ஓ' என்றாள். அதன் பிறகு அசையாமல் கிடந்தேன்.

குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, அடுப்புப் புகை ஆகாது. கட்டு அவிழ்த்த பிறகு வேளை தவறாமல் அவள்தான் மருந்து விட்டாள். அப்படி விடும்போதுதான் அவள் விரலைப் பார்த்தேன். கல்யாணமான நாள் முதல் அந்த விரல் வெடிப்பில் கொழுந்துக் கறை கறுப்பாக இருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. இப்போது சுத்தமாக இருக்கிறது. எப்போது போனதென்று கேட்டேன். "கொழுந்து பறிக்காம கறை எங்கனருந்து வரும்?" என்றாள். தெளிந்த கண் எனக்கு முதலில் காட்டியது அதைத்தான்.

இடது கண்ணுக்கும் வரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்களும் போனில் விரட்டுகிறீர்கள். நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா சண்டை போடவில்லை. "இன்னொரு தரம் நடுரோட்டுல நின்னியன்னா நான் எங்கன போயி நிக்க?" என்று மட்டும் கேட்டாள். வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டேன்.

இன்று காலை மொட்டைமாடிக்குப் போனேன். வலது கண்ணால் பார்த்தால் மேற்கே மலை நீலமாக, கறாராக, வெகுதூரத்தில் நிற்கிறது. அந்தக் கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். மலை இல்லை. மூட்டம் முகத்துக்கு நேரே வந்து நின்றது. மேற்கே பார்த்து 'ஓ' என்று குரல் கொடுத்தேன்.

பதில் கீழே அடுப்படியிலிருந்து வந்தது.