அவன் ஊரில் எழுத்து, நம் ஊரில் நிறம்

எங்கள் அப்பா ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் கண்மூடிவிட்டார்கள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. வராத அழுகையோடு மகள் நான் இந்த நினைவு மலருக்கு எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதித் தெரு ஒன்றில், ரயில்வே கூலியின் மகனாக. இறந்ததும் அதே தெருவில். நடுவில் பல வருடங்கள் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. அங்கே இயந்திர அறையில் இருந்த அல்சாஸ்காரர் ஒருவர் உயிர் நண்பர். அல்சாஸ், ரைன் ஆற்றங்கரையில் பிரான்சும் ஜெர்மனியும் மாறி மாறிப் பிடித்த சீமை. நண்பரின் தகப்பனார் ஜெர்மானியராகப் பிறந்து, பிரெஞ்சுக்காரராகி, மறுபடி ஜெர்மானியராகி, பிரெஞ்சுக்காரராகக் கண்மூடினாராம். குடியிருந்தது ஒரே வீடு. மூத்த மகனை ஜெர்மன் பட்டாளம் பிடித்துப் போனது, அவன் திரும்பவில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு ஆட்சி வந்ததும், பெற்றோர் பிறந்த இடத்தைப் பார்த்து ஆளுக்கோர் எழுத்துப் போட்ட கார்டு கொடுத்தார்களாம். தகப்பனாருக்கு ஓர் எழுத்து, தாய்க்கு வேறு எழுத்து. எழுத்து சரியில்லாத பலர் மூட்டையோடு அக்கரைக்கு அனுப்பப்பட்டார்கள். தாயை எப்போது அனுப்புவார்களோ என்று வீடே பயந்து கிடந்ததாம்.

"அவன் ஊர்ல எழுத்து, நம்ம ஊர்ல நெறம். அம்புட்டுத்தான் தாயி" என்று அப்பா சிரிப்பார்கள்.

அம்மாவின் தாயார் பர்மியர். அதனால் அம்மாவுக்கு முழுக் குடியுரிமைக்கான ரோஸ் கார்டு. அப்பாவுக்கு அதற்கு ஒரு படி கீழே, நீலம். "வெளிநாட்டு விருந்தாளிக்கு மொதல்ல போடு" என்று சாப்பாட்டு வேளையில் அம்மா சீண்டுவார்கள். அப்பா தட்டை நீட்டுவார்கள். ஆனால் ரோஸ் கார்டுக்கு மூன்று முறை மனுப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் தலை வாரி, புதிதாகப் படம் எடுத்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் பாட்டனார் கப்பலிறங்கிய காலத்துத் தாள் கேட்டார்கள். அதற்கு எங்கே போவது? "செத்தா இந்த ஊர்க்காரனா சாவணும்" என்பார்கள் அப்பா. வேறொன்றும் கேட்டதில்லை.

காரியத்துக்கு மறுநாள் கார்டு அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நான் வேலை பார்க்கும் ஷ்வேப்யிதா ஆலையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன்.

"மனு தேறிடுச்சு. அப்பாவைக் கூட்டிட்டு வாம்மா, கைரேகை வைக்கணும்" என்று குமாஸ்தா பர்மிய மொழியில் சொன்னார்.

"அப்பா இல்லீங்க."

அவர் மனுவைப் புரட்டினார். அதில் குத்தியிருந்த குண்டூசியை உருவி, அப்பாவின் படத்தை மட்டும் என்னிடம் கொடுத்தார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவைச் சுமந்த தெருப் பிள்ளைகளுக்கும், வண்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டு கோ தூராவுக்கும், முதல் மூன்று நாளும் எங்களுக்குச் சோறு பொங்கிப்போட்ட அவர் மனைவிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அல்சாஸ் நண்பர் இருக்கிறாரோ இல்லையோ, அவருக்கும்.

இந்த மலரின் முகப்பில் இருப்பது அந்தப் படம்தான். அப்பாவின் தலைக்கு மேல் தெரியும் இரண்டு துளைகள் அச்சுப் பிழை அல்ல.